வெளியூரில் 1-1: பேக்கரி பெஞ்சில் நாம் செய்யும் தவறுகள்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். குளிர்காலத்தில் இங்கிலாந்தின் மூன்று மணி ஃபுட்பால் மேட்ச் நமக்கு ராத்திரி எட்டரைக்கு வரும். கவரை வாங்கிச் சட்டைப்பையில் செருகிய கையோடு பேக்கரிக்கு வந்தால் ஒரு டீ, ஒரு தேங்காய் பன், சுவரில் டிவி. பல வருஷமாக என் சனிக்கிழமை இப்படித்தான் முடிகிறது.

அண்மையில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் ஆதரிக்கும் அணி வெளியூரில் 1-1 டிரா. விசில் அடித்த அரை நிமிஷத்தில் புதிதாக வர ஆரம்பித்திருக்கும் பசங்களில் ஒருவன் தீர்ப்பு எழுதிவிட்டான்: "ஏனுங்ணா, அந்த சப்பை மட்டும் போடாம உட்டிருந்தா ஜெயிச்சிருப்போமுங்ணா." சப் என்றால் நடுவில் இறக்கப்படும் மாற்று ஆட்டக்காரர். டீ எனக்குக் கசந்துபோனது. ஒரு காலத்தில் இதே வாக்கியத்தை நானும் சொன்னேன். அதற்கு ஒரு விலை கொடுத்தோம். அது கீழே வருகிறது.

ரெஃப்ரீயைத் திட்டாதே, ஹைலைட்ஸ் மட்டும் பார்த்துவிட்டுப் பேசாதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். ஆட்டம் முழுக்கப் பார்த்தவர்களே செய்கிற தவறுகள்தான் இங்கே.

டிரா என்றால் பாதித் தோல்வி

வெற்றிக்கு மூன்று புள்ளி என்று ஆனபிறகு டிராவின் மதிப்பு குறைந்தது உண்மை. இங்கிலாந்தில் 1981-லேயே அந்த முறை வந்துவிட்டது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 38 போட்டி லீக்கில் சொந்த மைதானத்தில் 19, வெளியூரில் 19. வெளியூரில் எல்லாமே டிரா, ஊரில் எல்லாமே வெற்றி என்றால் 76 புள்ளி. கோப்பைக்குப் பெரும்பாலும் போதாது, ஆனால் யாரும் சிரிக்கிற எண்ணிக்கையும் இல்லை.

ஆர்சனல் 2003-04-இல் ஒரு லீக் போட்டியிலும் தோற்காமல் 90 புள்ளி எடுத்ததே, அந்த அணி வெளியூரில் எட்டு டிரா ஆடியது. அதில் ஒன்று 2003 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் 0-0. கூடுதல் நேரத்தில் யுனைடெட்டின் வான் நிஸ்டல்ரூய் அடித்த பெனால்டி மேல்கம்பத்தில் இடித்துத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால் 'தோற்காத அணி' என்ற பேச்சே கிடையாது. அன்று ராத்திரி அந்த டிராவை எத்தனை பேர் 'பாயிண்ட் போச்சு' என்று எழுதியிருப்பார்கள்!

ஃபார்மேஷன் எண்ணைப் பிடித்துத் தொங்குவது

ஆட்டம் தொடங்குமுன் டிவியில் வருகிற 4-3-3 (பின்னால் நாலு, நடுவில் மூணு, முன்னால் மூணு பேர்) கல்யாணப் பத்திரிகை மாதிரி. யார் யார் வருகிறார்கள் என்று அதில் தெரியும், யார் எங்கே உட்காருவார்கள் என்று தெரியாது. பந்து நம் கோல்கீப்பர் கையில் இருக்கும்போது வலது ஓரத்து டிஃபெண்டரான ரைட் பேக் எங்கே நிற்கிறான், பந்து எதிரி கோலுக்கு முன்னால் இருக்கிற பாக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும்போது அவனே எங்கே நிற்கிறான் என்று இரண்டே இரண்டு முறை பாருங்கள். நான்கு பேர் டிஃபென்ஸ் பல சமயம் மூன்றாகியிருக்கும், முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். "மூணு டிஃபெண்டர் வெச்சு ஆடியிருக்கோணும்" என்று கத்துகிறவருக்கு, பாதி நேரம் மூன்று பேரை வைத்துத்தான் ஆடினார்கள் என்பது தெரியாது.

சப் வந்தான், கோல் விழுந்தது

இதுதான் நான் சொல்ல வந்தது.

பதினான்கு வருஷம் இருக்கும். எங்கள் டீம் ஈரோட்டுக்குப் போய் ஆடியது. நான் லெஃப்ட் மிட்ஃபீல்ட். முதல் பாதியில் ஒரு கார்னரில் 1-0. அறுபத்தெட்டாவது நிமிஷம் வாக்கில் எங்கள் லெஃப்ட் பேக்கை எடுத்துவிட்டு, பதினெட்டு வயசுப் பையன் ஒருவனை இறக்கினார் கோச். ஆறு நிமிஷத்தில் அவன் பக்கமாகவே வந்து சமன் செய்தார்கள். விங்கர் அவனைத் தாண்டி, கிராஸ் போட்டு, தலையால் முட்டி உள்ளே. மேட்ச் 1-1.

திரும்பி வருகிற பாசஞ்சர் ரயிலில் அந்தப் பையனைப் பிரித்து மேய்ந்தோம். பெருந்துறை ஸ்டேஷன் தாண்டுவதற்குள்ளேயே அவன் தலை குனிந்துவிட்டது. "உன்னை எறக்காம உட்டிருந்தா மூணு பாயிண்டு" என்று சொன்னது நான். ஊத்துக்குளியில் அவன் இறங்கிப் போனான். அதற்கப்புறம் கிரவுண்டுப் பக்கமே வரவில்லை. பந்தை இடது காலில் அவ்வளவு சுத்தமாக அடிக்கிற பையன் அப்போது எங்களிடம் வேறு யாரும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, கூட வந்த ஒருவர் ஹேண்டிகேமில் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். ஐம்பத்தைந்திலிருந்து அறுபத்தெட்டு வரைக்கும் எதிரணி எங்கள் இடது பக்கமாகவே நாலு தடவை உள்ளே வந்திருக்கிறது. பழைய லெஃப்ட் பேக்குக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு, நொண்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு முன்னால் இறங்கி வந்து உதவ வேண்டிய லெஃப்ட் மிட்ஃபீல்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறான். கோல் விழுந்த போதும் அவன் அங்கேதான் நிற்கிறான். அந்த மகராசன் நான்தான்.

பையன் இரண்டு பேருக்கு நடுவில் தனியாக மாட்டிக்கொண்டான், அவ்வளவுதான் நடந்தது.

தவறு எங்கே என்று பாருங்கள். எல்லாம் நல்லபடியாகப் போகும்போது கோச் ஆளை மாற்றுவது குறைவு. ஓட்டை விழுந்த பக்கத்தில்தான் ஆளை மாற்றுவார். தீ பிடித்த இடத்துக்குத்தான் தண்ணி லாரி வரும். லாரி வந்த வீடெல்லாம் எரிந்தது, அதனால் லாரிதான் கொளுத்தியது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஃபுட்பாலில் மட்டும் அதைச் சொல்லிவிட்டு 'டேக்டிக்ஸ்' என்று பேர் வைக்கிறோம்.

இன்னொன்று. 2020-இல் கொரோனாவுக்காகத் தற்காலிகமாக வந்த ஐந்து சப் இப்போது விதியாகவே இருக்கிறது. இரண்டு அணியும் சேர்த்தால் பத்து மாற்றம். பெரும்பாலும் அறுபதுக்கும் எண்பத்தைந்துக்கும் நடுவில். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் எப்போதுமே கோல் அதிகம், கால் சோர்ந்து போவதால். ஆக, எழுபதுக்கு மேல் விழுகிற அநேகமாக எந்தக் கோலுக்கும் அதற்கு ஐந்தாறு நிமிஷம் முன்னால் யாரோ ஒருவர் சப்பாக வந்திருப்பார். குற்றவாளி கைவசம் ரெடி.

அப்படியென்றால் எந்த சப்பும் தவறே இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லுமுன் மாற்றத்துக்கு முந்தின பத்து நிமிஷத்தைத் திரும்பப் பாருங்கள். அந்தப் பக்கமாக எத்தனை தடவை உள்ளே வந்தார்கள்? மாற்றிய பிறகு எத்தனை தடவை? வெளியே போனவன் எப்படி ஓடிக்கொண்டிருந்தான்? அப்புறம், கோல் எங்கே முடிந்தது என்று பார்க்காதீர்கள், எங்கே தொடங்கியது என்று பாருங்கள். பந்தை யார் விட்டார்கள், விட்ட பிறகு யார் நின்றுவிட்டார்கள்? முக்கால்வாசி நேரம் பதில் சப்புக்கு நாற்பது மீட்டர் தள்ளி இருக்கும்.

அந்தப் பையனை அப்புறம் ஒரு நாள் நிட்டிங் கம்பெனி வாசலில் பார்த்தேன். மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னேன். "அட, அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சுங்ணா" என்றான். அவ்வளவு வேகமாக ஒருவன் சொன்னால் மறக்கவில்லை என்று அர்த்தம்.

பொசஷன் 68 சதவீதம்

பந்து அவ்வளவு நேரம் நம் காலில் இருந்ததாம். அதில் பாதி நடு டிஃபென்ஸில் நிற்கிற இரண்டு சென்டர் பேக்குகள் தங்களுக்குள் தட்டிக்கொண்டது.

எக்ஸ்ஜி அதிகம், ஆகவே ஜெயித்திருக்க வேண்டும்

எக்ஸ்ஜி என்பது ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று கூட்டிய எண். ஒரு பெனால்டிக்கே 0.76-இலிருந்து 0.79 வரை ஏறிவிடும். அதைத் தவறவிட்டுவிட்டு "நாம நல்லா ஆடினோம்" என்று அந்த எண்ணைக் காட்டக் கூடாது. பத்துப் பதினைந்து மேட்சுக்குச் சேர்த்துப் பார்த்தால் அது பேசும். ஒரு மேட்சில் முணுமுணுக்கும்.

"அவே கோல் கணக்குல நாமதான் முன்னால"

ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று ஆடி மொத்தக் கோல் சமனானால், வெளியூரில் அதிகம் போட்டவர் ஜெயிப்பார் என்று இருந்தது. ஐரோப்பிய ஃபுட்பால் சங்கமான யூஈஎஃப்ஏ அந்த விதியை 2021-22-இலிருந்து எடுத்துவிட்டது. போதும், விடுங்க.

இந்த டிராதான் கோப்பையைப் பறித்தது

2018-19. லிவர்பூல் 97 புள்ளி, மான்செஸ்டர் சிட்டி 98. லிவர்பூல் தோற்றது ஒரே ஒரு மேட்ச், டிரா ஏழு. அதில் ஐந்து வெளியூரில்: செல்சீ, ஆர்சனல், வெஸ்ட் ஹாம், மான்செஸ்டர் யுனைடெட், எவர்டன். இன்றைக்கும் பேக்கரியில் ஒருவர் எவர்டன் 0-0-தான் என்பார், ஒருவர் யுனைடெட் 0-0 என்பார். அன்று யுனைடெட்டில் முதல் பாதியிலேயே மூன்று பேர் அடிபட்டு வெளியே போனார்கள், அப்படியும் லிவர்பூலால் முடியவில்லை என்று அவருக்கு இன்னும் வயிற்றெரிச்சல். சிட்டியிடம் தோற்ற மேட்சில் சுமார் ஒரு சென்டிமீட்டரில் கோல் கோட்டைத் தாண்டாமல் சிட்டி டிஃபெண்டர் ஸ்டோன்ஸ் வெட்டிய பந்தை யாரும் பேச்சில் சேர்ப்பதில்லை, அது டிரா இல்லையாம்!

எவர்டன் டிரா 2019 மார்ச் 3. அதே வாரம் சனிக்கிழமை, மார்ச் 9, நான் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில் இருந்தேன். இந்திய ஃபுட்பாலின் ஐ-லீக்கில் நம்ம சென்னை சிட்டிக்குக் கடைசிப் போட்டி. மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே கோல் போட்டுவிட்டது, பக்கத்தில் இருந்த பெரியவர் "முடிஞ்சுதுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம் சென்னை சிட்டிக்கு மான்ஸி பெனால்டியில் ஒன்று, கௌரவ் போரா இரண்டு, 3-1. கோப்பை நமக்கு: சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. அந்த சீசனில் சென்னை சிட்டிக்கு நாலு டிரா. அதில் ஏதாவது ஒன்று தோல்வியாகியிருந்தால் 42-இல் சமன். எந்த டிரா நமக்குக் கோப்பை வாங்கித் தந்தது என்று வெளியே வரும்போது ஒருத்தர் கேட்டிருப்பாரா? பெரியவர் துண்டைச் சுழற்றிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

நடுராத்திரி ஆவேசம்

குளிர்காலத்தில் ஐரோப்பிய மேட்ச் ஒன்றரைக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடியும். அந்த நேரத்தில் கோச்சை மாற்றாதீர்கள். காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் மாற்றிக்கொள்ளலாம்.