நேவியில் இருந்தவரா, நேவிக்கு வேலை செய்தவரா?

எங்கள் அம்மப்பாவின் ட்ரங்குப்பெட்டியில் ஒரு பித்தளை வில்லை கிடந்தது. ஒரு ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே ஒரு துளை, நடுவில் நாலு இலக்க எண். ‘அம்மப்பா நேவியில் இருந்தவர்’ என்று கேட்டே வளர்ந்த எனக்கு, அது அவருடைய படை இலக்கம் என்பதில் சந்தேகமே வரவில்லை. அதை வைத்துக்கொண்டு பிரித்தானியக் கடற்படைப் பதிவுகளில் இரண்டு வருடம் தேடினேன். பிறகு ஒருநாள், அவரோடு வேலை செய்தவரின் மகனைத் திருகோணமலைப் பாலையூற்றில் சந்தித்து வில்லையைக் காட்டினேன். விரலால் துடைத்துப் பார்த்துவிட்டு, “இது டொக்யாட் டோக்கன் தம்பி. வாசல்ல குடுத்தாத்தான் அண்டைக்கு வேலைக்கு வந்த கணக்கு. என்ர அப்பாட்டயும் இருந்தது” என்றார். அம்மப்பா கடற்படைக்காரர் அல்ல. டொக்யாட் என்ற கடற்படைக் கப்பல் பட்டறையில் நாட்கூலி வாங்கிய பிற்றர், இயந்திரம் பொருத்தும் தொழிலாளி.

திருமலையில் முன்னோரின் படைச் சேவையைத் தேடுகிறவர்கள் அதிகம் விடும் பிழை இதுதான். நம் ஊரில் ‘நேவியில வேலை’ என்றால் சீருடை போட்ட மாலுமியும் வருவார், டொக்யாட் கொல்லரும் வருவார், கன்ரீன்காரரும் எழுதுவினைஞரும் சீனக்குடா எண்ணெய்க் குதத்தில் நின்றவரும் வருவார்கள். இவர்களில் மாலுமிக்கு மட்டுமே படைச் சேவைக் கோப்பு இருக்கும். மற்றவர்கள் பிரித்தானியக் கடற்படைத் தளத்தின் சிவில் ஊழியர்கள். ஆகவே ‘என்ன பதவி?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘சம்பளம் யார் கொடுத்தது?’ என்று கேளுங்கள். பதிவேடு சம்பளம் கொடுத்தவர் வீட்டில்தான் இருக்கும்.

அந்தக் கேள்விக்கான பதில் காலத்துக்குக் காலம் மாறும். இலங்கை இராணுவம் 1949 ஒக்டோபரில்தான் அமைந்தது. கடற்படை 1950 டிசம்பரில், விமானப்படை 1951 மார்ச்சில். 1942இல் ‘சிலோன் ஆமியில்’ இருந்தார் என்று பெரியவர்கள் சொன்னால், அவர் இலங்கைப் பாதுகாப்புப் படையின் ஏதோ ஒரு பிரிவில் இருந்திருக்கலாம்: இலகு காலாட்படையாகவோ, கரையோரப் பீரங்கிகளைக் கவனித்த கரிசன் ஆட்டிலறியாகவோ இருக்கலாம். அல்லது பிரித்தானிய இராணுவத்தின் தொழிலாளர் பிரிவான பயனியர் கோர் போன்ற ஒன்றில் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போயிருக்கலாம். பிரித்தானியப் படை என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போர்ச் சேவைக் கோப்புகள் 2022 முதல் அங்கேதான் மாற்றப்பட்டு வருகின்றன. இலங்கைப் பிரிவு என்றால் தேடல் கொழும்பில் தொடங்கும். தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய அரச வர்த்தமானிகள் உண்டு. ஆனால் வர்த்தமானியில் அதிகாரிகளின் நியமனம் வரும், சாதாரண சிப்பாயின் பெயர் வராது. அதில் காணவில்லை என்பதற்காக ஆள் படையிலேயே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று கப்பல் பெயர். படையை விட்டு விலகும்போது கொடுத்த விடுகைச் சான்றிதழில் ‘ஹைஃபிளையர்’ என்று கண்டவுடன் தாத்தா அந்தக் கப்பலில் உலகம் சுற்றினார் என்று எழுதிவிடுவோம். பிரித்தானியக் கடற்படை தரையில் இருக்கும் தளங்களுக்கும் கப்பல் போலவே பெயர் வைக்கும். ஹைஃபிளையர் திருகோணமலையில் இருந்த தரைத்தளம். ‘பம்பாரா’ சீனக்குடா விமானத்தளம். சான்றிதழில் அந்தப் பெயர் உள்ளவர் கடலுக்கே போகாமலும் இருந்திருக்கலாம்.

படங்களும் ஏமாற்றும். போர்க்காலப் படங்களில் தொப்பி நாடாவில் கப்பலின் பெயர் இருக்காது. எதிரிக்குத் தெரியக்கூடாது என்று பெயரை விட்டு ‘எச்.எம்.எஸ்.’ என்ற முன்னெழுத்துகளை மட்டும் போட்டார்கள். பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் பயனில்லை. காக்கிக் களிசான் போட்ட எல்லோரும் ஆமியும் அல்ல. பொலிசும் காக்கிதான். பதக்கத்தின் கதையும் இப்படித்தான். முதலாம் உலகப்போர்ப் பதக்கங்களில் பெரும்பாலும் விளிம்பில் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியப் படையினருக்கு வழங்கியவற்றில் பெரும்பாலும் இருக்காது. இந்திய, அவுஸ்திரேலிய, தென்னாபிரிக்கப் படையினருக்குப் பெயர் பொறித்தார்கள். ஒரு பக்கம் மன்னரின் தலை, மறுபக்கம் இரட்டைத்தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம்: இந்தப் போர்ப் பதக்கம் உங்கள் வீட்டில் இருந்து, விளிம்பு வெறுமையாக இருந்தால், அது போலி அல்ல. ஆனால் யாருடையது என்பதை அந்தப் பதக்கம் சொல்லாது. அதோடு வந்த தபால் பெட்டியையும் கடிதத்தையும் எறிந்துவிடாதீர்கள், பெயர் அவற்றில்தான் இருக்கும்.

அப்புறம் பெயர். நாம் சின்னத்தம்பி என்கிறோம். ஆங்கிலத்தில் எழுதிய கிளாக்கர் ஒருவர் ‘எஸ்’ போட்டிருப்பார், இன்னொருவர் ‘சி’ போட்டிருப்பார். கணபதிப்பிள்ளை ‘கே’யிலும் இருப்பார், ‘ஜி’யிலும் இருப்பார். தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் பதிந்திருக்கும், அல்லது வெறும் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். இணையத்தில் யாரோ போட்டு வைத்த வம்சாவளியில் ஒரு கந்தையாவைக் கண்டதும் நம்முடைய கந்தையா என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊரும் தகப்பன் பெயரும் பிறந்த ஆண்டும் பொருந்தினால் மட்டும் சேருங்கள்.

வாய்மொழிக் கதைகளைத் தேதியோடு உரசிப் பார்க்க வேண்டும். எங்கள் அம்மம்மா ‘ஈஸ்டர் ஞாயிறு குண்டு போட்டவங்கள்’ என்பார். ஈஸ்டர் ஞாயிறு, 1942 ஏப்ரல் 5, தாக்கப்பட்டது கொழும்பு. திருமலையில் யப்பானியக் குண்டு விழுந்தது ஏப்ரல் 9, வியாழன். ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் துறைமுகத்தில் தாண்டது என்று சொல்பவர்களும் உண்டு. அது 8ஆம் தேதி இரவே துறைமுகத்தை விட்டுப் போய், 9ஆம் தேதி மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. அம்மம்மா பொய் சொல்லவில்லை. இரண்டு பயங்கள் மனதில் ஒன்றாகிவிட்டன. அவர் சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள், சரியான தேதியைப் பக்கத்தில் குறியுங்கள்.

நிலாவெளி வீதியில் உள்ள போர்க்கல்லறையையும் அதைப் பராமரிக்கும் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் இணையப் பட்டியலையும் பலர் முதலில் பார்க்கிறார்கள். பார்ப்பதில் பிழையில்லை. ஆனால் அது இறந்தவர்களின் பட்டியல். உயிரோடு வீடு திரும்பியவரை அங்கே தேடிக் காணாமல் ‘படையில் இருந்ததே பொய்’ என்று வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது படை ஆவணமே அல்ல, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். அதில் தந்தையின் தொழில் எழுதும் இடம் ஒன்று உண்டு. ஒரு பிள்ளையோடு நிறுத்தாமல் எல்லாப் பிள்ளைகளுடைய சான்றிதழையும் எடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு வருடத்துக்கான சாட்சி. 1944இல் பிறந்த பெரிய மாமாவின் சான்றிதழில் ‘பிற்றர், நேவல் டொக்யாட்’ என்று இருக்கிறது. 1958இல் பிறந்த சின்ன மாமாவின் சான்றிதழில் ‘கமம்’. இடையில், 1957 ஒக்டோபரில், பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வேலை போன கதையை வீட்டில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. இப்போது சின்ன மாமாவிடம் தம்பலகாமத்து வயலைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.