அப்டேட் இறங்கிவிட்டது, ஏறவில்லை

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வரும் பையன்களும் பெண்களும், பிரவுசர் அப்டேட் விஷயத்தில் எங்கள் செட் அந்தக் காலத்தில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். 'ஆட்டோ அப்டேட்டை அணைக்காதே' என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

மூடவே மூடாத பிரவுசர்

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். 'அப்டேட் ஆன்ல இருக்கு சார்' என்று டிக் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். குரோம் புதிய பதிப்பைத் தானே இறக்கிக்கொள்ளும், சரி. ஆனால் மூடித் திறந்தால்தான் அது வேலைக்கு வரும். லேப்டாப்பை மடக்கி வைத்தால் பிரவுசர் மூடியதாகாது. மறுநாள் அதே பழைய பதிப்புதான் ஓடும்.

போன மாதம் கணக்குப் பிரிவில் ஒருவருடைய திரையைப் பார்த்தேன். பெயரே படிக்க முடியாத அளவுக்கு நெருக்கியடித்த டேப்கள், வலது மேல் மூலையில் அப்டேட் காத்திருப்பதைக் காட்டும் சிவப்பு அடையாளம். பச்சை என்றால் அப்டேட் வந்து 2 நாளுக்குள், ஆரஞ்சு என்றால் 4 நாள் போல, சிவப்பு என்றால் ஒரு வாரமாவது ஆகிவிட்டது. "மூடினா எல்லாம் போயிடும் சார்" என்றார். போகாது. பிரவுசரை மூடித் திறக்கும் 'ரீலாஞ்ச்' பட்டனை அழுத்தினால் டேப்கள் திரும்ப வந்துவிடும். இன்காக்னிட்டோ, அதாவது ரகசிய விண்டோவில் திறந்தவை மட்டும் வராது. பாதி நிரப்பிய படிவத்தை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்பார்கள். குரோமின் அடித்தளமான குரோமியம் ஓப்பன் சோர்ஸ். பாதுகாப்பு ஓட்டையை எப்படி அடைத்தார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்தவன், இன்னும் அடைக்காதவர்களைத் தேடிக் கிளம்புவான். இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2023 ஆகஸ்டில், 116-ஆம் பதிப்பிலிருந்து, கூகுள் வாராவாரம் பாதுகாப்பு அப்டேட் விட ஆரம்பித்தது. அடுத்த மாதமே வெப்பி (WebP) வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி என்ற மென்பொருள் பகுதியில் பெரிய ஓட்டை. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் இருந்தது. வில்லங்கமான படம் ஒன்று உள்ள பக்கத்தைத் திறந்தாலே போதும். திருத்தம் வரும் முன்பே அதை வைத்துத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது.

ஆன்டிவைரஸ் இருக்கிறதே?

இருக்கட்டும், அதை நம்பி அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ரீலாஞ்ச் செய்யுங்கள்.

வெப்சைட் காட்டும் 'அப்டேட்' பட்டன்

போலி. நிஜ அப்டேட் பிரவுசரின் மெனுவில்தான் வரும். ஜிப் ஃபைலாக இறங்காது.

போனில் குரோமை மட்டும் பார்ப்பது

பல ஆப்கள் தங்களுக்குள்ளேயே வெப்பக்கங்களைத் திறக்கின்றன. பிளே ஸ்டோரில், அந்த வேலையைச் செய்யும் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ'வையும் அப்டேட் செய்யுங்கள்.

விண்டோஸ் 7

குரோம் அங்கே 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அந்த மெஷினில் பேங்க் வேலை வேண்டவே வேண்டாம்.