அஸ்பராஜினேஸ்: புற்றுசெல்லுக்குள் போகாத மருந்து

லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் அஸ்பராஜினேஸ் நொதி புற்றுசெல்லுக்குள் நுழைந்து அதை அழிக்கிறது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அந்த நொதி ரத்தத்தில்தான் வேலை செய்கிறது. அங்கே உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை நீரைக்கொண்டு பிளந்து, அஸ்பார்டிக் அமிலமாகவும் அமோனியாவாகவும் ஆக்குகிறது. நம் உடலின் பெரும்பாலான செல்கள் அஸ்பராஜினைத் தாமே தயாரித்துக்கொள்ளும். கடும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா செல்கள் பலவற்றுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. ரத்தத்தில் வரத்து நின்றதும் புரதம் கட்ட வழியில்லாமல் அவை மடிகின்றன.

சரி, அஸ்பராஜின் உள்ள உணவைத் தவிர்த்தால் போதாதா? போதாது. அதை உடலே உற்பத்தி செய்கிறது. பத்தியம் இருந்தால் நோயாளி மெலிவதுதான் மிச்சம்.

எந்த அஸ்பராஜினேஸும் மருந்தாகும் என்று நினைப்பதும் பிழை. ஈ.கோலை பாக்டீரியாவில் இரண்டு வகை உண்டு. செல்லின் உட்பகுதியில் இருக்கும் முதல் வகை, அஸ்பராஜின் நிறைய இருந்தால்தான் சுறுசுறுப்பாகும். ரத்தத்தில் இருப்பதோ மிகச் சிறிய அளவு. அதையும் இறுகப் பற்றக்கூடியது, இரு சவ்வுகளுக்கு இடையே இருக்கும் இரண்டாம் வகைதான். மருந்தானதும் அதுவே.

அமைப்பைப் படிக்கும்போது மாணவர்கள் ஒரே ஒரு அமினோ அமிலச் சங்கிலியை வரைந்து, அதிலேயே வினை நடப்பதாகக் காட்டுவார்கள். இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இந்த நொதி ஒரே மாதிரியான நான்கு சங்கிலிகளால், அதாவது அலகுகளால் ஆனது. ஒவ்வொன்றிலும் 326 அமினோ அமிலங்கள். அலகுகள் இரண்டிரண்டாக நெருங்கிச் சேர்கின்றன. அஸ்பராஜின் வந்து பிளவுபடும் இடமான வினைக்குழி அமைவது அந்த ஜோடியின் எல்லையில். பிளக்கும் வேலையில் 12, 89 ஆம் இடங்களில் உள்ள திரியோனின் என்ற அமினோ அமிலங்கள் முக்கியமானவை என்றாலும், பக்கத்து அலகின் பகுதிகளும் சேர்ந்தால்தான் குழி முழுமை பெறும். தனி அலகை வைத்து இந்த நொதியை விளக்கவே முடியாது.

அப்புறம், ஒவ்வாமை தெரியவில்லை என்பதால் மருந்து வேலை செய்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. அறிகுறியே இல்லாமல், நொதியை அந்நியப் பொருளாகக் கருதி உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாகி நொதியை முடக்கிவிடுவதும் உண்டு. ரத்தத்தில் நொதியின் செயல்பாட்டை அளந்தால்தான் அது தெரியவரும். அஸ்பராஜின் அளவைப் பார்ப்பதானால் இன்னும் கவனம் தேவை: எடுத்த ரத்தத்தை உடனே குளிர்விக்காவிட்டால், குழாய்க்குள்ளும் நொதி அதைப் பிளந்துகொண்டே இருக்கும்.