சிறுவர் வார்டிலிருந்து உயிர்த்தகவலியலுக்கு: திருகோணமலை வைத்தியர்களுக்கு ஒரு தொடக்கம்

சிறுவர் வார்டில் வேலை செய்யும் வைத்தியர்கள் பலர் உயிர்த்தகவலியல், அதாவது உயிரியல் தரவைக் கணினியில் ஆராய்வது, படிக்கலாம் என்று உட்கார்ந்தால் நேரே ஜீனோம், பைத்தான் என்று போய்விடுகிறார்கள், இரண்டு வாரத்தில் விட்டும் விடுகிறார்கள். கையில் இருக்கும் பெட் ஹெட் டிக்கெட்டிலிருந்து (வார்டில் நோயாளிக்கு எழுதும் குறிப்பேடு) தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. அதற்குத் திருமலையில் டெங்குவை விட நல்ல பாடம் இல்லை. 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"டெங்கு பற்றி ஆராய வேண்டும்" என்பது கேள்வி இல்லை. "பிளாஸ்மா கசிந்த பிள்ளைகளுக்கும் கசியாத பிள்ளைகளுக்கும் மிகக் குறைந்த பிளேட்லெட் எண்ணிக்கை வேறுபட்டதா?" என்பது கேள்வி. கசிவு, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குழாய்க்கு வெளியே போவது, எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 20 சதவீதம் கூடுவது என்றால் 35 இருந்தது 42 ஆவது, 55 ஆவது இல்லை. பழைய பதிவுகளைத் தொடுவதற்கு முன் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும்.

படி 2: அட்டவணை

நேரம் முழுவதையும் விழுங்கப்போவது இந்தப் படிதான், விழுங்கட்டும். எக்செல் போதும். முதல் நிரலில் பிள்ளையின் பெயரோ வார்ட் இலக்கமோ வேண்டாம், நீங்களே கொடுத்த ஒரு எண் போதும்; எந்த எண் யாருக்குரியது என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள். ஊர்ப் பெயரையும் யோசித்துப் போடுங்கள். குச்சவெளிப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம், 7 மாதப் பிள்ளை, இன்ன திகதி என்று மூன்றும் சேர்ந்தால் பெயர் இல்லாமலேயே அந்த ஊர் மிட்வைஃபுக்கு யாருடைய பிள்ளை என்று தெரிந்துவிடும். பிரதேச செயலகப் பிரிவு மட்டும் போதும்.

வயதை மாதத்தில் எழுதுங்கள். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி குறையும் மாதங்களில் கைக்குழந்தைக்கு முதல் தொற்றே கடுமையாகலாம், "1 வயதுக்குக் கீழ்" என்று எழுதினால் அது மறைந்துபோகும்.

திகதியை 2017-04-03 என்ற வடிவில் மட்டும் எழுதுங்கள். 03/04 என்றால் ஒரு கணினிக்கு ஏப்ரல், இன்னொன்றுக்கு மார்ச். எக்செல் திகதி விடயத்தில் பிடிவாதமானது: செப்ட்2, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களையே திகதியாக மாற்றிக்கொண்டிருந்ததால், 2020இல் அவற்றை செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றியதாக அறிவித்தார்கள். ஆகவே ஒட்டுவதற்கு முன்பே அந்த நிரலை டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள்.

பிளேட்லெட்டை ஒருவர் 92 என்று எழுதுவார், இன்னொருவர் 92,000 என்று எழுதுவார். ஒரே அலகுக்கு மாற்றுங்கள். எடுக்காத பரிசோதனைக்கு 0 போடவே வேண்டாம், வெற்றாக விடுங்கள்.

படி 3: ஒரு பிள்ளைக்கு ஒரு நிரை

எஃப்.பி.சி. (முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை) திரும்பத் திரும்ப எடுப்பதால் முதலில் ஒரு பரிசோதனைக்கு ஒரு நிரை என்றுதான் பதிவீர்கள், அது சரி. ஆனால் அதை அப்படியே சராசரி எடுத்தால் விடை பிழைத்துவிடும், ஏனென்றால் நிலைமை மோசமான பிள்ளைக்கு அடிக்கடி இரத்தம் எடுப்போம், சுகமாகிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எப்போதாவதுதான் எடுப்போம், ஆகவே 12 நிரை உள்ள ஒரு பிள்ளை 3 நிரை உள்ள நான்கு பிள்ளைகளுக்குச் சமமாகி வார்ட் முழுவதையும் தன் பக்கம் இழுத்துவிடும். எக்செலின் பிவட் டேபிளில் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) பிள்ளையின் எண்ணை நிரையாக வைத்து, பிளேட்லெட்டுக்கு 'மின்' என்று தெரிவு செய்தால் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு மிகக் குறைந்த எண் கிடைக்கும். கசிவு ஆம், இல்லை என்பதையும் பக்கத்தில் சேருங்கள். ஆய்வு இந்த அட்டவணையில்தான்.

படி 4: ஜமோவி

புள்ளியியல் ஆய்வுக்கான இலவச மென்பொருள். அட்டவணையை சிஎஸ்வியாகச் சேமித்துத் திறந்து, முதலில் எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் பாக்ஸ் பிளாட் வரையுங்கள். பிளேட்லெட் ஒரு பக்கம் சாய்ந்துதான் கிடக்கும், அதனால் சராசரியை விட்டுவிட்டு, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடையத்தைப் பாருங்கள். இரண்டு குழுவையும் ஒப்பிட, டி-டெஸ்ட் மெனுவுக்குள் மான்-விட்னி என்ற சோதனை இருக்கிறது. பி-மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்துவிட்டது என்பதற்காக அது சிகிச்சையை மாற்றும் வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இடையங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதுதான் வார்டுக்குத் தேவை. ஜமோவியின் சின்டாக்ஸ் மோடை இயக்கினால் ஒவ்வொரு கிளிக்குக்கும் பின்னால் உள்ள ஆர் என்ற நிரல்மொழியின் கட்டளை தெரியும், கோடிங் அங்கிருந்து தானாக வரும்.

படி 5: வைரஸின் வரிசை

வரிசை என்றால் வைரஸின் மரபணு எழுத்துத் தொடர். என்சிபிஐ (அமெரிக்க அரசின் மரபணுத் தரவு மையம்) தளத்தில், வரிசைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் நியூக்ளியோடைட் பிளாஸ்ட் பக்கத்துக்குப் போய், இரண்டு வரிசைகளை ஒப்பிடும் பெட்டியில் டிக் போடுங்கள். ஒரு பக்கம் என்சி_001477 (NC_001477), அதாவது டெங்கு 1. மறுபக்கம் என்சி_001474, டெங்கு 2, 2017இல் இங்கே பரவிய வகை. இரண்டையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வரிசை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,700 எழுத்து நீளம். முதலில் வரும் மெகாபிளாஸ்ட் மிக நெருங்கிய வரிசைகளுக்கானது, இங்கே மிகக் கொஞ்சமாகவே காட்டும், பிளாஸ்ட்என்னுக்கு மாற்றுங்கள்.

இப்போது துண்டு துண்டாகப் பொருத்தம் வரும். டெங்குவின் நான்கு வகைகளும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் ஒன்றுபோல இருக்கின்றன. ஒரு வகைக்கு உருவான ஆன்டிபாடி மற்ற வகையைப் பிடிக்கும், ஆனால் அடக்காது, இரண்டாவது தொற்று ஆபத்தாவதற்கு இது ஒரு காரணம். அடுத்து இதே வேலையை டெங்கு 3 (என்சி_001475), டெங்கு 4 (என்சி_002640) ஆகியவற்றுக்கும் செய்து, எந்த இரண்டு வகைகள் மிக நெருக்கம் என்று அட்டவணையில் போடுங்கள்.