ஆனையிறவு பார்க்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

போயா (பௌர்ணமி) லீவோடு சனி, ஞாயிறு சேர்ந்துவிட்டால் கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து வான் பிடித்து யாழ்ப்பாணம் போகிற கூட்டம் அதிகம். ஆனையிறவில் வான் நிற்கும். புல்டோசருக்கு முன்னால் ஒரு படம், நினைவுச்சின்னத்துக்கு முன்னால் ஒரு படம், பத்து நிமிடத்தில் எல்லோரும் திரும்ப ஏறிவிடுவார்கள். போர்க்களம் பார்த்தாயிற்று என்ற நினைப்பு. புதிதாகப் போகிற குழுக்கள் மாறிமாறி இதையேதான் செய்கின்றன. தொப்பி, குடை, சப்பாத்து பற்றியெல்லாம் வீட்டிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். இது மற்ற விஷயங்களுக்கு.

சின்னத்தைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்க்காமல் வருவது

எத்தனை முறை கண்டாலும் எரிச்சல் மூட்டுகிற பிழை இது. இவ்வளவு தூரம் போய், முக்கியமானதைக் காணாமலே திரும்புகிறார்கள்.

வீதியோரத்தில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். கடல்நீரேரி, உப்பளம், வெட்டவெளி. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. காற்றில் உதடு கரிக்கும். குடாநாட்டுக்குள் நுழையும் பிரதான தரைவழி இதுதான் என்பதால் ஒல்லாந்தர் காலத்திலேயே இங்கு கோட்டை இருந்தது. ஆனால் இந்த உவர் நிலத்தில் ஒரு படையே குடித்து வாழத் தண்ணீர் ஏது? அதைக் கேட்காதவருக்கு ஆனையிறவு விளங்காது.

1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் இங்கிருந்த இராணுவ முகாமை நேரடியாகத் தாக்கினார்கள். வெட்டவெளியில் மறைவு இல்லாததால் கவசம் பூட்டிய புல்டோசர்களை முன்னே விட்டார்கள். தென்புறத்தில் நிற்பது அவற்றில் ஒன்று. ஜூலை 14 அன்று காமினி குலரத்ன என்ற இராணுவச் சிப்பாய் தன் உயிரைக் கொடுத்து நிறுத்தியது. இராணுவம் கடல்வழியாக வெற்றிலைக்கேணியில் தரையிறங்கி வந்து, வாரக்கணக்கில் சண்டையிட்டு முற்றுகையை உடைத்தது. முகாம் தப்பியது.

2000 இல் அதே முகாம் விழுந்தது. இம்முறை வழி வேறு. மார்ச் 26 இரவு புலிகளின் அணிகள் கிழக்குக் கடற்கரையில் குடாரப்பில் தரையிறங்கின. அங்கிருந்து உள்ளே நகர்ந்து, பளைக்கு அருகே இத்தாவிலில் கண்டி வீதியை மறித்து உட்கார்ந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் வழங்கல் வீதி அறுந்தது. பிறகு ஆனையிறவுக்கு வடக்கே இயக்கச்சி புலிகளின் கைக்கு மாறியது. முகாமுக்கு நல்ல தண்ணீர் கொடுத்த கிணறுகள் இருந்தது இயக்கச்சியில். ஏப்ரல் 22 அன்று ஆனையிறவு விழுந்தது. சித்திரை வெயிலில், தாகத்தோடு, சிப்பாய்கள் கிளாலிக் கரைப்பக்கமாகப் பின்வாங்கினார்கள்.

2009 ஜனவரியில் இந்த இடத்தில் பெரிய சண்டையே நடக்கவில்லை. தெற்கே பரந்தனும் கிளிநொச்சியும் புலிகளின் கையைவிட்டுப் போய்விட்டன, வடக்கிலிருந்தும் இராணுவம் இறங்கிக்கொண்டிருந்தது. ஜனவரி 9 அன்று இராணுவம் உள்ளே வந்தது.

ஆகவே வானை இந்த ஒழுங்கில் நிறுத்துங்கள். முதலில் தென்புறத்துப் புல்டோசர். அங்கிருந்து வடக்கே பார்த்து, 1991 இல் ஓடிவந்தவர்களுக்கு எவ்வளவு தூரம் மறைவில்லாமல் இருந்தது என்று கண்ணால் அளவெடுங்கள். அடுத்தது நினைவுச்சின்னம். அதன்பின் இயக்கச்சிச் சந்தி. உப்புவெளி முடிந்து பனையும் தென்னையும் தொடங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மணலுக்கு அடியில் மழைநீர் தங்குவதால்தான் அங்கே கிணற்றில் நல்ல தண்ணீர். பிறகு பளை, இத்தாவில். நேரம் இருந்தால் கிழக்கே திரும்பிக் குடாரப்புக் கடற்கரை. அரைநாள் வேண்டும். பத்து நிமிடத்தில் முடியாது.

இதை நடந்து பார்த்தவருக்கு இன்னொன்றும் பிடிபடும். படைக்கு வீதி அடைபட்டால் என்ன நடக்கும் என்பது சனத்துக்கும் நடந்தது. ஆனையிறவு வழி மூடப்பட்ட தொண்ணூறுகளில் சனம் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தது. கடற்படையின் சூட்டில் பலர் கரைசேரவே இல்லை. நோயாளியும் கைக்குழந்தையும் அந்த வள்ளங்களில்தான் வந்தார்கள். அவர்களுக்கு வீதியோரத்தில் புல்டோசர் அளவுக்கு ஒன்றும் நிற்கவில்லை.

ஒரு தரப்பின் பலகையை மட்டும் வாசிப்பது

ஆனையிறவில் நிற்பது வென்ற தரப்பின் சின்னம். கிளிநொச்சி கனகபுரத்தில், இறந்த புலிகளைப் புதைத்த துயிலுமில்லம் இருந்த நிலத்தையும் போய்ப் பாருங்கள். போர் முடிந்தபின் கல்லறைகள் இடித்து நொறுக்கப்பட்டன. 2016 நவம்பரில் சனம் துப்புரவு செய்து விளக்கேற்றியது. உடைந்த கல்லைக் கையில் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். யாரோ ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைத் தேடிய கல் அது.

வீதியை விட்டு இறங்குவது

பளைக்கு அப்பால் முகமாலையில் 2000க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் போர் முன்னரங்கு இருந்தது. நாட்டில் மிதிவெடி மிக நெருக்கமாகப் புதைந்த இடங்களில் அதுவும் ஒன்று. பெரும்பகுதி அகற்றப்பட்டிருக்கிறது, அதை நம்பிப் பற்றைக்குள் ஒன்றுக்குப் போகாதீர்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்ரிக் மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு. உலோகம் தேடும் கருவிக்கே இலகுவில் அகப்படாது. மாரி மழை மண்ணை அரித்து அதை இடம் மாற்றியும் விடும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, நாடா, நட்ட தடிகள் எதைக் கண்டாலும் அதற்கு அப்பால் கால் வைக்கக் கூடாது. உள்ளே போய்விட்டது தெரிந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், ஓடாதீர்கள், கூட வந்தவர்களை உள்ளே வரவேண்டாம் என்று கத்துங்கள், 119 க்கு அழையுங்கள். நிலத்தில் கிடக்கும் இரும்பு எதையும் ஞாபகத்துக்கென்று எடுக்காதீர்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மத்தியானத்தில் போவது

காலை ஆறிலிருந்து பத்துக்குள் முடியுங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், பரந்தனிலேயே வாங்கி. வெள்ளவத்தையில் ஏறும் இரவு பஸ் இந்த இடத்தைப் பெரும்பாலும் இருட்டில் கடந்துவிடும். பார்க்க நினைப்பவர்கள் கிளிநொச்சியில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள்.

இராணுவ முகாமைப் படம் எடுப்பது

வேண்டாம்.

தேத்தண்ணிக் கடையில் விசாரணை

“அக்கா, நீங்க அந்த நேரம் இங்கயா இருந்தீங்க? வீட்டில யாராவது…” என்று முதல் வாய்த் தேநீருக்கே கேட்கிறவர்கள் உண்டு. கேட்காதீர்கள். அவர் வாயைத் திறந்தால் கேட்டுக்கொண்டிருங்கள். நடுவில் திருத்தவும் வேண்டாம், கொழும்பில் பேப்பரில் வாசித்ததைச் சொல்லவும் வேண்டாம். பேசாவிட்டால் காசைக் கொடுத்து, போயிட்டு வாறம் என்று சொல்லி எழும்புங்கள்.