ஆங்கிலத்தில் கேப்பிட்டல் எங்கே, கமா எங்கே: தமிழில் யோசித்து எழுதுகிறவர்களுக்கு

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளின் ஆங்கிலக் கடிதங்களைச் சில வருடங்களாகத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பெல்லிங்கில் பெரிய குறை இருக்காது, அதை ஃபோனே பார்த்துக்கொள்கிறது. சொற்களும் போதுமான அளவு தெரிந்திருக்கும். ஆனால் வாக்கியத்தின் நடுவில் காரணமே இல்லாமல் கேப்பிட்டல் எழுத்துகள் நிற்கும், ஃபுல்ஸ்டாப் வர வேண்டிய இடத்திலெல்லாம் கமா இருக்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. நிறுத்தக்குறிகளும் அச்சோடு சேர்ந்து ஐரோப்பியர் வழியாக நமக்கு வந்தவைதான், ஓலைச்சுவடியில் கமாவைத் தேடினால் கிடைக்காது. அதனால் இந்த இரண்டும் தானாகக் கைக்கு வராது, உட்கார்ந்து பழகினால்தான் உண்டு. விதிகள் கொஞ்சம்தான், பயப்பட வேண்டாம்.

வாக்கியத்தின் முதல் எழுத்து கேப்பிட்டல், முடிவில் ஃபுல்ஸ்டாப் என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

படி 1: கேப்பிட்டல் பெயருக்கு, மரியாதைக்கு அல்ல

நம் பிள்ளைகள் எந்தச் சொல்லை முக்கியம் என்று நினைக்கிறார்களோ அதைக் கேப்பிட்டலில் தொடங்கிவிடுகிறார்கள். லீவ், சேலரி, மேனேஜர், டிகிரி, எக்ஸ்பீரியன்ஸ் எல்லாமே பெரிய எழுத்தில் நிற்கும். அது மரியாதையால் வருவது, ஆனால் ஆங்கிலத்தில் கேப்பிட்டலுக்கும் மரியாதைக்கும் சம்பந்தமில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சொல் ஒரே ஒரு ஆளையோ இடத்தையோ அமைப்பையோ குறிக்கும் பெயரா, இல்லை அந்த வகையில் எதற்கும் பொருந்தும் சொல்லா? மெரினா பீச் என்றால் இரண்டு சொல்லுக்கும் கேப்பிட்டல். "வீ வென்ட் டு தி பீச்" என்றால் பீச்சுக்குச் சின்ன எழுத்து, நீங்கள் மெரினாவையே மனதில் வைத்துச் சொன்னாலும் சரி.

அப்பா அம்மா விஷயத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம். "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்" என்பதில் ஃபாதருக்குச் சின்ன எழுத்து. "ஐ ஆஸ்க்ட் ஃபாதர்" என்று, முன்னால் மை இல்லாமல், பெயர் மாதிரியே அழைத்தால் கேப்பிட்டல். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் குமார் என்று ஒரு பெயரைப் போட்டுப் படியுங்கள். "ஐ ஆஸ்க்ட் குமார்" சரியாக ஒலிக்கிறது, அங்கே கேப்பிட்டல். "மை குமார் இஸ் எ ஃபார்மர்" ஒட்டவில்லை, அங்கே சின்ன எழுத்து. பிரின்சிபால், டாக்டர், கலெக்டர் மாதிரிப் பதவிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான். பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் கேப்பிட்டல், "ஐ மெட் தி பிரின்சிபால்" என்று தனியாக வந்தால் வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. நான் என்ற பொருளில் வரும் ஐ எங்கே வந்தாலும் கேப்பிட்டல், வாட்ஸப்பிலும்கூட அப்படியே எழுதிப் பழகுங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் விண்ணப்பத்திலும் சின்ன ஐ வந்துவிடும். கிழமை, மாதம், பண்டிகைப் பெயர்களுக்குக் கேப்பிட்டல் உண்டு. சம்மர், வின்டர் போன்ற பருவங்களுக்கு இல்லை. மொழிப் பெயர்களுக்கு எப்போதும் உண்டு, அதனால் "ஐ லைக் இங்கிலீஷ் அண்ட் மேத்ஸ்" என்று எழுதும்போது இங்கிலீஷுக்கு மட்டும் கேப்பிட்டல், மேத்ஸுக்குச் சின்ன எழுத்து. கடித முடிவில் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்பதில் முதல் சொல்லுக்கு மட்டும். அந்த யுவர்ஸில் அப்பாஸ்ட்ரஃபி (எழுத்துக்கு மேலே போடும் கொம்பு மாதிரியான குறி) கிடையவே கிடையாது, இதைப் பத்துக்கு ஆறு பேர் போடுகிறார்கள் என்று சொல்லும் அளவுக்குப் பார்க்கிறேன்.

படி 2: கமாவால் இரண்டு வாக்கியத்தை ஒட்ட முடியாது

இந்தப் பதிவையே இதற்காகத்தான் எழுதுகிறேன். கீழே இருப்பது வழக்கமாக வரும் ஒரு லீவ் லெட்டர்:

"ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ வென்ட் டு தி டாக்டர் எஸ்டர்டே, ஹி டோல்ட் மீ டு ரெஸ்ட், ப்ளீஸ் கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்."

தமிழ்க் காதுக்கு இதில் ஒரு தப்பும் தெரியாது. ஏனென்றால் நாம் பேசுவதே அப்படித்தான். "காய்ச்சல் வந்து, டாக்டரிடம் போய், மருந்து வாங்கி, வீட்டில் படுத்திருக்கிறேன்" என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு வினைமுற்றைப் போட்டு முடிக்கிறோம். அத்தனையும் ஒரே வாக்கியம், நடுவில் கமா போதும். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த வந்து, போய், வாங்கி எல்லாம் தனித்தனி வினைமுற்றாக மாறிவிடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி எழுவாய் வேறு வந்துவிடுகிறது. அதாவது ஒவ்வொன்றும் முழு வாக்கியம். கை மட்டும் பழைய ஞாபகத்தில் கமாவையே போட்டுக்கொண்டு போகிறது.

அதனால் செய்ய வேண்டியது இது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு கமாவிலும் நின்று பாருங்கள். கமாவுக்கு இடது பக்கம் இருப்பதைத் தனியாகப் படியுங்கள், வலது பக்கம் இருப்பதைத் தனியாகப் படியுங்கள். இரண்டும் தனித்தனியாக நிற்க முடிந்தால் அங்கே வெறும் கமா நிற்கக் கூடாது. மேலே உள்ள கடிதத்தில் மூன்று கமாவும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும், நீங்களே செய்து பாருங்கள்.

திருத்த மூன்று வழி. முதல் வழி ஃபுல்ஸ்டாப், எனக்கு மிகவும் பிடித்தது, ஆரம்பத்தில் இதையே செய்யுங்கள். இரண்டாவது, கமாவை வைத்துக்கொண்டு அதன் பின்னால் அண்ட், பட், சோ, ஆர், யெட், நார், ஃபார் என்ற ஏழு இணைப்புச் சொற்களில் பொருந்துவதைச் சேர்ப்பது. மூன்றாவது செமிகோலன். அது தப்பில்லை, ஆனால் விண்ணப்பக் கடிதத்துக்கு அது தேவைப்படுவதே இல்லை. கடிதம் இப்படி ஆகும்:

"ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். ஐ வென்ட் டு தி டாக்டர் எஸ்டர்டே, அண்ட் ஹி டோல்ட் மீ டு ரெஸ்ட். ப்ளீஸ் கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்."

படித்துப் பாருங்கள், எவ்வளவு நிதானமாக நிற்கிறது!

இங்கே ஒரு கண்ணி உண்டு. ஹவ்எவர், தேர்ஃபோர் இரண்டும் இணைப்புச் சொல் மாதிரியே தெரியும், ஆனால் அந்த ஏழில் சேராது. ஆகவே அவற்றுக்கு முன்னால் ஃபுல்ஸ்டாப், பின்னால் கமா. பிகாஸ், இஃப், வென் மூன்றும் வேறு வகை. இவற்றில் தொடங்கும் பகுதி முதலில் வந்தால் அது முடிந்த இடத்தில் கமா போடுங்கள், பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை. "வென் ஐ ரீச்ட் தி ஆஃபீஸ், இட் வாஸ் க்ளோஸ்ட்" என்று எழுதினால் கமா உண்டு. திருப்பிப் போட்டு எழுதினால் இல்லை.

பட்டியலில் கடைசி அண்டுக்கு முன்னால் கமா வேண்டுமா என்று கேட்பீர்கள். அமெரிக்கப் புத்தகங்களில் பெரும்பாலும் போடுவார்கள், பிரிட்டிஷ் வழக்கில் பொதுவாக விட்டுவிடுவார்கள். நான் போடச் சொல்கிற கட்சி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓவர்டைம் சட்டத்தில், ஓவர்டைம் கூலி தர வேண்டியதில்லை என்று சொன்ன வேலைகளின் பட்டியலில், கடைசி ஆர் என்ற சொல்லுக்கு முன்னால் கமா இல்லை. சரக்கு அனுப்புவதற்காகப் பேக் செய்வதும் விநியோகமும் இரண்டு வேலையா, இல்லை அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பேக் செய்யும் ஒரே வேலையா என்று ஒரு பால் நிறுவனத்தின் டிரைவர்கள் வழக்குப் போட்டார்கள். 2017ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2018ல் நிறுவனம் 50 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் ஆனது.

படி 3: அப்பாஸ்ட்ரஃபி பன்மைக்கு அல்ல

கடைப் பலகையில் ஜூஸ், டிஃபன், மொபைல் எல்லாவற்றுக்கும் எஸ்ஸுக்கு முன்னால் மேலே ஒரு கொம்பு போட்டிருப்பார்கள். பன்மைக்கு வெறும் எஸ் போதும். அப்பாஸ்ட்ரஃபிக்கு இரண்டே வேலை: ஒன்று, "உடைய" என்பதைச் சொல்வது, இன்னொன்று, விட்டுப்போன எழுத்தின் இடத்தைக் காட்டுவது. செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து எழுதும்போது டீச்சர்ஸ் என்ற பன்மையின் எஸ்ஸுக்குப் பின்னால் போட வேண்டும், ஏனென்றால் பல ஆசிரியர்களுடைய தினம். நவம்பர் 14க்குச் சில்ட்ரன் என்பதே பன்மை, அதனால் அதன் பின்னால் அப்பாஸ்ட்ரஃபி, அப்புறம் எஸ். யுவர்ஸ் மாதிரியே இட்ஸ் என்ற சொல்லும் விதிவிலக்கு. இட் இஸ் என்று விரித்துப் படிக்க முடிந்தால் போடுங்கள், "அதனுடைய" என்ற பொருளில் வந்தால் போடாதீர்கள்.

கருவிகள்

ஃபோன் கீபோர்டில் ஆட்டோ கேப்பிட்டலைசேஷனைப் பழகும் வரை அணைத்து வையுங்கள். அது போட்டுக்கொடுத்தால் உங்கள் கண் கற்றுக்கொள்ளாது. கிராமர்லி, லாங்குவேஜ்டூல் இரண்டும் கமாத் தப்புகளில் பலவற்றைக் காட்டும், ஆனால் முதலில் நீங்கள் திருத்திவிட்டு அப்புறம் அதில் ஒட்டுங்கள். முழுக்கக் கேப்பிட்டலில் அடித்த பழைய பயோடேட்டா கையில் இருந்தால் வேர்டில் பகுதியைத் தேர்ந்து ஷிஃப்டும் எஃப்3யும் சேர்த்து அழுத்துங்கள், அழுத்த அழுத்த மாறும். சின்ன எழுத்துக்கு மாற்றும்போது ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாமும் சின்னதாகிவிடும், அவற்றைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். கமாவுக்கு, ஃபுல்ஸ்டாப்புக்கு, கேள்விக்குறிக்கு முன்னால் இடம் விட வேண்டுமா? வேண்டாம், முந்தைய எழுத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், பின்னால்தான் ஒரு இடைவெளி. முன்னால் இடம் விட்டால் சில சமயம் குறி மட்டும் அடுத்த வரிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது, அரசு விண்ணப்பப் படிவத்தில் கேப்பிட்டல் லெட்டரில் நிரப்பவும் என்று போட்டிருந்தால் மேலே சொன்ன எந்த விதியும் அங்கே செல்லாது, முழுப் பெயரும் முழு முகவரியும் கேப்பிட்டலிலேயே எழுதுங்கள். அந்தப் படிவத்தோடு இணைக்கும் கடிதத்துக்கு மட்டும் படி 1 பொருந்தும்.