வர்ஜீனியாவின் உள்ளூர்க் கவுண்டிகளில் கிரிமினல் ரெக்கார்டு தேடுவது எப்படி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஆஷ்பர்ன், ஹெர்ன்டன் பக்கம் புதிதாக வந்து இறங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. வர்ஜீனியாவில் மணிக்கு 85 மைலைத் தாண்டி ஓட்டினால், அங்கே வேக வரம்பு எதுவாக இருந்தாலும் அது குற்றம். வரம்பைவிட 20 மைலோ அதற்கு மேலோ போனாலும் குற்றம்தான். 70 மைல் போட்டிருக்கும் ஐ-81 சாலையில் 86-இல் போனால் பதினாறு மைல்தான் அதிகம், ஆனாலும் கேஸ் ‘ரெக்லெஸ் டிரைவிங்’, அதாவது கண்மூடித்தனமாக ஓட்டியது. இது கிளாஸ் 1 மிஸ்டிமீனர், சிறு குற்றங்களில் கடுமையான வகை. 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. போலீஸ்காரர் கையில் கொடுப்பது சாதாரண டிக்கெட் போலத்தான் தெரியும். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். சென்னையில் ஸ்பாட் ஃபைன் கட்டிய பழக்கத்தில் நாமும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம். பிறகு விசா ஃபாரத்தில் ‘எப்போதாவது கைதாகியோ தண்டனை பெற்றோ இருக்கிறீர்களா’ என்ற கேள்வி வரும்போது, கோர்ட்டில் தன் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தேடவே தெரியாமல் நிற்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

நம்மூரில் கேஸ் என்றால் ஸ்டேஷன். எஃப்ஐஆர் நகல், இன்ஸ்பெக்டர், ரைட்டர் என்று அங்கேதான் எல்லாம் தொடங்கும். இங்கே ரெக்கார்டு கோர்ட் கிளார்க்கிடம் இருக்கும். ஷெரிஃப் ஆபீசுக்குப் போய்க் கேட்டுப் பயனில்லை, அவர்கள் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

கோர்ட்டிலும் எந்தக் கோர்ட் என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு இடத்துக்கும் ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் உண்டு. டிராஃபிக்கும் மிஸ்டிமீனரும் அங்கே நடக்கும். ஃபெலனி எனும் பெருங்குற்ற வழக்கும், கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பின் மேல் 10 நாளுக்குள் போடும் அப்பீலும் சர்க்யூட் கோர்ட்டுக்குப் போகும். இரண்டுக்கும் கிளார்க் வேறு வேறு. சர்க்யூட் கோர்ட் கிளார்க் எட்டு வருடத்துக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். இரண்டு ஆபீசும் ஒரே கட்டடத்தில் எதிரெதிரே இருந்தாலும், ஒருவரிடம் கேட்டால் மற்றவர் ஃபைல் கிடைக்காது. வீட்டுக்குள் நடந்த அடிதடிக் கேஸ் இந்த இரண்டிலும் தொடங்காது. அது ஜுவனைல் அண்ட் டொமஸ்டிக் ரிலேஷன்ஸ் கோர்ட் என்ற சிறார், குடும்ப வழக்குகளுக்கான கோர்ட்டுக்குப் போகும். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் 911-க்குப் போன் போட்டு வந்த கேஸ் இந்தக் கோர்ட்டில்தான் இருக்கும். ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் மட்டும் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று நிம்மதி அடைய வேண்டாம்.

இன்னொரு குழப்பம் இந்த மாநிலத்துக்கே உரியது. வர்ஜீனியாவில் 95 கவுண்டிகள், நம்மூர் மாவட்டம் மாதிரி. அவற்றோடு சேராத தனி நகரங்கள் 38. கிரீன்ஸ்வில் கவுண்டிக்கு நட்ட நடுவே எம்போரியா இருக்கிறது, ஆனால் அது அந்தக் கவுண்டியில் சேராது. ராக்பிரிட்ஜ் கவுண்டிக்கும் லெக்சிங்டனுக்கும் இதே கதைதான். சில ஜோடிகளுக்குக் கோர்ட் ஒன்று, சிலவற்றுக்குத் தனித்தனி. எந்த ஊர்ப் பக்கம் பிடித்தார்கள் என்ற ஞாபகத்தை நம்பித் தேடக் கூடாது. சம்மனில் கோர்ட்டின் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துத் தேடுங்கள்.

தேடல் இலவசம். வர்ஜீனியா நீதித்துறையின் ஆன்லைன் கேஸ் இன்ஃபர்மேஷன் தளத்தில் மாநிலம் முழுக்க ஒரே பெயர்த் தேடலில் பார்க்கலாம். ஃபேர்ஃபாக்ஸ், அலெக்சாண்ட்ரியா ஆகிய இரண்டு சர்க்யூட் கோர்ட்டுகள் மட்டும் அதில் கிடையாது, அங்கே தனியாகக் கேட்க வேண்டும். ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுகளுக்கென்று தனித் தளமும் உண்டு. அதில் முதலில் கோர்ட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு டிராஃபிக், கிரிமினல் பகுதியில் பெயரைத் தேட வேண்டும்.

நம் பெயர்கள் சிக்குவது இங்கேதான். கடைசிப் பெயர், கமா, முதல் பெயர் என்ற வரிசையில் தளம் கேட்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் சர்நேமாகவும், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்றும் விழுந்திருக்கும். அதே பெயர் லைசென்சுக்கும் போய், அங்கிருந்து சம்மனுக்கும் போயிருக்கும். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்திருப்பார்கள். முருகன் என்பவர் இன்று ‘சுப்பிரமணியன், முருகன்’ என்று தேடினால் திரை காலியாக வரும். கேஸோ ‘முருகன், எஃப்என்யூ’ என்ற பெயரில் அங்கேயே இருக்கும். அதனால் ஐந்து வடிவத்திலும் தேடுங்கள்: இன்றைய பாஸ்போர்ட் பெயர், அதைத் திருப்பிப் போட்டது, எஃப்என்யூ வைத்தது, இனிஷியலை மட்டும் வைத்தது, கல்யாணத்துக்கு முந்தைய பெயர். சுப்பிரமணியன் என்பதன் ஆங்கில வடிவம் ‘என்’-இலும் முடியும், ‘எம்’-இலும் முடியும். நடுவே ஒரு ‘ஏ’ கூடும், குறையும். முழுப்பெயரை அடிக்காமல் கடைசிப் பெயரின் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் கொடுத்து, வரும் பட்டியலைக் கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

அப்படியும் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது, பலருக்கும் இது தெரிவதில்லை. ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் தளத்தில் ஹியரிங், அதாவது விசாரணைத் தேதியை வைத்துத் தேடலாம். சம்மனில் இருக்கும் கோர்ட் தேதியைக் கொடுத்தால் அன்றைய வழக்குகள் எல்லாம் வரிசையாக வரும். சின்னக் கவுண்டியில் பட்டியல் நீளமாக இருக்காது. பெயரை எப்படிக் கடித்துத் துப்பியிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

ஆளை உறுதிசெய்யப் பிறந்த தேதியில் மாதமும் நாளும் மட்டும் காட்டுவார்கள், வருடம் நட்சத்திரக் குறிகளாக மறைந்திருக்கும். ஒரே பெயரில் பல பேர் இருக்கும் நம் சமூகத்துக்கு இது மட்டும் போதாது. முகவரி, குற்றத் தேதி இரண்டும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். இதைச் சரிபார்க்காமல் இன்னொருவரின் கேஸை ஒரு மனிதர் தலையில் கட்டுவது கொடுமை.

கேஸ் பக்கத்தைத் திறந்தால் எண் ‘ஜிடி’ என்றோ ‘ஜிசி’ என்றோ தொடங்கும், அடுத்து வருடத்தின் இரண்டு இலக்கம். ஜிடி என்றால் டிராஃபிக், ஜிசி என்றால் கிரிமினல். ஆனால் ரெக்லெஸ் டிரைவிங்குக்கு ஜிடி எண்தான் வரும். அதைப் பார்த்து ‘டிராஃபிக்தானே’ என்று விட்டுவிடக் கூடாது. பார்க்க வேண்டியது ‘கேஸ் டைப்’ என்ற இடம். அங்கே ‘இன்ஃப்ராக்‌ஷன்’ என்றிருந்தால் வெறும் விதிமீறல். ‘மிஸ்டிமீனர்’ என்றிருந்தால் குற்றம். சட்டப்பிரிவு 46.2-862 என்றால் வேகத்துக்கான ரெக்லெஸ். நீதிபதி அதைக் குறைத்து 46.2-869 ஆக்கியிருந்தால் அது ‘இம்ப்ராப்பர் டிரைவிங்’, அதாவது முறையற்று ஓட்டியது, குற்றக் கணக்கில் வராது. குறைத்தது ‘அமெண்டட் சார்ஜ்’ (திருத்திய குற்றச்சாட்டு) என்ற கட்டத்தில் இருக்கும். மேலே பழைய சார்ஜும் அப்படியே நிற்கும். மேல் வரியை மட்டும் படித்துவிட்டுப் பதறுகிறவர்களும், கீழ் வரியை மட்டும் படித்துவிட்டு ஃபாரத்தில் ‘இல்லை’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டையும் படியுங்கள்.

தீர்ப்பு இடத்தில் ‘நாலி ப்ராசிக்வி’ என்றிருந்தால் அரசு வக்கீல் வழக்கைத் திரும்பப் பெற்றார் என்று பொருள். அது விடுதலை ஆகாது, மறுபடி போட வழியுண்டு. ‘கில்டி இன் ஆப்சென்ஷியா’ என்றிருந்தால் ஆள் வராமலே தீர்ப்பாகிவிட்டது. ‘டிஸ்மிஸ்டு’ என்பதிலும் ஒரு கண் வேண்டும். முதல் தடவை என்று சொல்லி, தீர்ப்பைத் தள்ளிவைத்து, வகுப்புக்கு அனுப்பி, பிறகு தள்ளுபடி செய்வது இங்கே வழக்கம். நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டோ, தண்டிக்கப் போதுமான ஆதாரம் உண்டென்று ஏற்றுக்கொண்டோ இருந்து, அதன்மேல் நீதிபதி ஏதாவது கட்டுப்பாடு விதித்திருந்தால், மாநிலத்துக்கு அது தள்ளுபடியாக இருக்கலாம், குடியேற்றச் சட்டத்துக்கு அது தண்டனைதான். கடையில் பில் போடாமல் வந்துவிட்ட கேஸ், கணவன் மனைவி கேஸ் இரண்டிலும் இந்த ஏற்பாட்டுக்குத் தலையாட்டும் முன் இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசுங்கள். கிரிமினல் வக்கீல் நல்லவராகவே இருப்பார், ஆனால் விசா அவர் வேலை கிடையாது.

இனி, நம்மவர்களை அதிகம் வாட்டும் விஷயம். ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மிஸ்டிமீனர் ஃபைல்களைப் பத்து வருடம்தான் வைத்திருக்கும். பிறகு அழித்துவிடும், ஆன்லைனிலிருந்தும் போய்விடும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2, இபி-3 எனப்படும், வேலை வழியாக வரும் கிரீன் கார்டுக்கான வரிசை பத்து வருடத்தையும் தாண்டி நீள்கிறது. கிரீன் கார்டு நேர்காணலிலும், அதன்பின் குடியுரிமை மனுவிலும் ‘தீர்ப்பு நகல் கொண்டு வா’ என்பார்கள். அன்று கோர்ட்டில் ஃபைல் இருக்காது. மோட்டார் வாகனத் துறையின் (டிஎம்வி) டிரைவிங் ரெக்கார்டிலோ ரெக்லெஸ் பதினோரு வருடம் நிற்கும். கோர்ட்டில் காகிதம் அழிந்த பிறகும் டிஎம்வி-யில் வரி உயிரோடிருக்கும். இதைவிட எரிச்சலான நிலை கிடையாது.

ஆகவே வழக்கு முடிந்து, அப்பீலுக்கான 10 நாள் கழிந்ததும் உடனே, கிளார்க்கிடம் சர்டிஃபைடு காப்பி வாங்கிவிடுங்கள். ஆன்லைன் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். முத்திரையும் கிளார்க்கின் கையெழுத்தும் உள்ள நகல்தான் செல்லும். குறைந்தது மூன்று நகல் வாங்குங்கள்: ஒன்று மனுவோடு போகும், ஒன்று வக்கீலுக்கு, ஒன்று பாஸ்போர்ட் ஃபைலில் நிரந்தரமாக. நேரில் போக முடியாவிட்டால் தபாலில் கேட்கலாம். முதலில் போன் செய்து கட்டணத்தையும் எந்த வடிவில் பணம் அனுப்ப வேண்டும் என்பதையும் கேளுங்கள். கேஸ் எண், பெயர் அதில் உள்ளபடியே, பிறந்த தேதி, தீர்ப்புத் தேதி, எத்தனை நகல், ‘முத்திரையிட்டு வேண்டும்’ என்ற வரி எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, செக்கோடு, ஸ்டாம்ப் ஒட்டி நம் முகவரி எழுதிய கவரையும் வைத்து அனுப்ப வேண்டும். அந்தக் கவர் இல்லாத கடிதம் மேசையிலேயே கிடக்கும். உள்ளூர்க் கவுண்டி ஆபீஸ்களில் ஆள் குறைவு, பல இடங்களில் மாலை நான்கு மணிக்கே ஜன்னலை மூடிவிடுவார்கள். கோர்ட் நடக்கும் காலை வேளையில் போன் எடுக்கவும் மாட்டார்கள். மதியம் இரண்டுக்கு மேல் கூப்பிடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். நல்லபடியாகக் கேட்டால் ஃபைலை எடுத்துப் பார்த்துச் சொல்கிறவர்கள் அவர்கள்தான்.

ஏற்கெனவே அழித்துவிட்டார்கள் என்றால், ‘தேடினோம், வைத்திருக்கும் காலம் முடிந்து ஃபைல் அழிக்கப்பட்டது’ என்று கிளார்க்கிடம் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். தள்ளுபடியான கேஸை எக்ஸ்பஞ்ச் செய்ய, அதாவது பதிவிலிருந்து நீக்க, மனுப் போடுகிறவர்களும் முதலில் காப்பியை எடுத்து வைத்துவிட்டுத்தான் மனுப் போட வேண்டும். எக்ஸ்பஞ்ச் ஆன கேஸையும் குடியேற்றத் துறை கேட்கும். அப்போது கோர்ட்டே ‘எங்களிடம் ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடும்.

ஸ்டேட் போலீசிடம் எஸ்பி-167 என்ற ஃபாரம் உண்டு. நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு 15 டாலரோடு தபாலில் அனுப்பினால் பெயர்த் தேடல் முடிவு வரும். எஃப்பிஐ-யிடம் கைரேகை கொடுத்து 18 டாலருக்குத் தன் சொந்த ரெக்கார்டை வாங்கலாம். இரண்டு இடத்திலும் இருக்கும் பதிவுகள் கைரேகையை அடிப்படையாகக் கொண்டு சேர்ந்தவை. சாலையோரத்தில் சம்மன் கொடுத்து அனுப்பப்பட்டவரிடம் யாரும் ரேகை எடுக்கவில்லை. அதனால் அங்கே ‘ரெக்கார்டு இல்லை’ என்று வந்தாலும் கோர்ட்டில் கேஸ் இருக்கலாம்.

ரூம்மேட், குழந்தை பார்த்துக்கொள்ள வருபவர் என்று மற்றவர்களைப் பற்றித் தேடுகிறவர்களுக்கும் இதே கோர்ட் தளம் போதும். கூடவே மாநிலத்தின் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டையும் பாருங்கள், அதுவும் இலவசம். 29 டாலர், 39 டாலர் என்று வாங்கிக்கொண்டு ‘முழு வரலாறு’ தருவதாகச் சொல்லும் தனியார் தளங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். பெயர் பொருந்தினால் போதும் என்று எவர் கேஸையோ ஒட்டித் தருவார்கள். அமெண்டட் சார்ஜைக் கண்டுகொள்ளாமல் பழைய சார்ஜையே காட்டுவார்கள். வேலைக்கோ வீட்டுக்கோ அப்படிப்பட்ட அறிக்கையை வைத்து உங்களை மறுத்தால், அறிக்கை தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்ல அந்த முதலாளியோ வீட்டுக்காரரோ கடமைப்பட்டவர். அந்த நிறுவனத்துக்கு ஆட்சேபம் எழுதினால் பொதுவாக 30 நாளில் விசாரித்துத் திருத்த வேண்டும். ஆட்சேபத்தோடு வைக்க வேண்டியதும் அந்தச் சர்டிஃபைடு காப்பிதான்.

அக்டோபரில் இலையுதிர் நிறம் பார்க்க ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் இந்தப் பக்கம் அபூர்வம். அங்கே ஸ்கைலைன் டிரைவில் வேக வரம்பு 35 மைல். பார்க் ரேஞ்சர் கொடுக்கும் டிக்கெட் மத்திய அரசுடையது. பக்கத்துக் கவுண்டிக் கோர்ட்டில் எத்தனை பெயரில் தேடினாலும் கிடைக்காது. அதற்குச் சென்ட்ரல் வயலேஷன்ஸ் பீரோ என்ற மத்திய அமைப்பிடம், டிக்கெட்டில் உள்ள எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.